பேச்சு முறிஞ்சா யாருக்கு என்ன மிஞ்சும்?

போன வாரம் ராத்திரி உட்கார்ந்து பைத்தானில் சின்னதா ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரு பக்கம் கம்பெனி, இன்னொரு பக்கம் யூனியன். பிரிச்சுக்க 100 ரூபாய். அடிப்படை, 1950-இல் ஜான் நாஷ் எழுதிய பேர மாடல். அதில் முக்கியமான கேள்வி, பேச்சு முறிஞ்சா யார் கையில் என்ன மிஞ்சும் என்பதுதான்.

ரெண்டு பேருக்கும் 20 மிஞ்சும்னா, மீதி 60-ஐ சமமா பிரிச்சு ஆளுக்கு 50. அப்புறம் யூனியனுக்கு 0, கம்பெனிக்கு 40 என்று மாத்தினேன். மீதி அதே 60தான். ஆனா கம்பெனிக்கு 70, யூனியனுக்கு 30. யாரும் கூடுதல் சாமர்த்தியமா பேசலை. 20 ரூபாய் கை மாறிடுச்சு.

நிஜத்தில் அந்த எண்ணை யார் மாத்துறாங்க? நம்ம பெரம்பூருக்கு வாங்க. 1918 ஏப்ரலில், பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் தொழிலாளர்களுக்காக சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாச்சு. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்னெடுத்தாங்க. தலைவர் பி.பி. வாடியா. திரு.வி.க.வும் கூட இருந்தார். 1920-இல் தகராறு முத்தினப்போ, மில்லை நடத்திய பின்னி கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போச்சு. ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டுறாங்கன்னு வாடியா உள்ளிட்டவர்கள் மேல் வழக்கு, நஷ்டஈடும் கேட்டாங்க. கோர்ட் தடை உத்தரவு போட்டது.

மாடலில் பார்த்தா, யூனியனோட எண் 0 கூட இல்லை, மைனஸ். வேலைநிறுத்தம்னு வாயைத் திறந்தா தலைவரோட சொந்தப் பணத்துக்கே ஆபத்து. கடைசியில் சமரசம் ஆச்சு: வாடியா சங்கத்தை விட்டு விலகணும். கூலி எவ்வளவுங்கிற பேரமே இல்லை இது. எதிர்ல யார் உட்காரலாம் என்பதுதான் விஷயம். என் புரோகிராமில் அதுக்கு ஒரு வேரியபிள்கூட கிடையாது. யூனியன்னு ஒரு வரி டைப் பண்ணினேன், அது தானா வந்து உட்கார்ந்துடுச்சு!

1921 மார்ச்சில் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் சங்கங்களுக்குப் பாதுகாப்பு கேட்டார். தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926-இல். தொழில் தகராறில் வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினாங்கன்னு மட்டும் சொல்லி, பதிவு பெற்ற சங்கத்தின் மேல் சிவில் வழக்கு போட முடியாது என்றது அதன் பிரிவு 18. மைனஸை அழிச்ச வரி அது.

நடுவில் 1921-இல் அதே மில்லில் இன்னொரு வேலைநிறுத்தம். தொழிலாளர்களே சாதி வழியா பிளந்தாங்க. அதுக்கு என் கோடில் யூனியனை ஒரே ஆளா வெச்சிருக்கிறதையே உடைக்கணும். அது அடுத்த எபிசோட்.