திசையறி எர்த் பால்ட் ரிலேயின் பூர்வோத்தரம்

மின்தொடரில் எர்த் பால்ட் நேர்ந்தால், அது தன் முன்புறத்திலா பின்புறத்திலா என்று தெரிந்துகொண்டு இயங்கும் ரிலேயின் சரித்திரத்தை, 1918 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய அமெரிக்க மின்பொறியாளர் மாநாட்டில் சார்லஸ் போர்ட்டெஸ்க்யூ வாசித்தளித்த சமச்சீர்க் கூறுகள் பற்றிய கட்டுரையிலிருந்து தொடங்குவது பாடநூல்களின் சம்பிரதாயம். பூஜ்ய வரிசை என்னும் கருத்து முதலில் உதித்தது, ரிலே அதிலிருந்து பிறந்தது என்பதே அதன் சாரம். 1933-இல் வாக்னரும் எவன்ஸும் எழுதிய நூல் அக்கருத்தை அவ்வளவு தெளிவாக வகுத்துக் காட்டியமையால், பின்வந்தோர் விளக்கத்தின் வரிசையையே சரித்திரத்தின் வரிசையாகவும் கொண்டுவிட்டனர் என்று கருதுகிறேன்.

போர்ட்டெஸ்க்யூவின் ஆராய்ச்சி 1913-இன் இறுதியில், சமனற்ற மின்வழங்கலில் ஓடும் இண்டக்ஷன் மோட்டார்களைப் பற்றித் தொடங்கியது. அவர் கட்டுரையின் கவனமும் பெரிதும் சுழலும் இயந்திரங்களின் மீதே நிலைத்திருந்தது. லைனில் விழும் பழுதைக் கணிக்க அம்முறையைப் பிறர் பரவலாகக் கையாண்டது அடுத்த பத்தாண்டில்தான்.

ரிலேயின் வயரிங்கைப் பார்ப்போம். மூன்று பேஸ்களின் சி.டி.க்களையும் இணையாகக் கட்டி, மிஞ்சும் மின்னோட்டத்தை ஒரே சுருளின் வழியே விடுகிறார்கள், பி.டி.யின் திறந்த டெல்டாவோ மூன்று மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகையைத் தருகிறது. ரிலேயை அமைப்பவர் இன்றும் கணக்கிடுவது பூஜ்ய வரிசையின் மும்மடங்கையே. தத்துவம் மூன்றால் வகுத்துப் பெயரிட்டது. கருவிக்கு அந்த வகுத்தல் வேண்டியிருக்கவில்லை. தத்துவம் முந்தியிருந்தாலும் வயரிங் கூட்டுத்தொகையைத்தான் தரும் என்று ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் நியாயமானதே, ஆகவே இந்த மூன்று ஒன்றே முடிந்த சான்றாகாது. ஆயினும் கிர்க்காப் விதியும், பிளாத்தியின் 1889-ஆம் ஆண்டு இண்டக்ஷன் மீட்டரில் விளங்கிய சுழற்றுவிசைத் தத்துவமும் அறிந்தவனுக்கு இவ்வமைப்பை எட்ட வேறு கணிதம் தேவைப்பட்டிராது என்பதை அது திண்ணமாக உணர்த்துகிறது.

இதனினும் வலிய சாட்சி ஜெர்மனியிலிருந்து வருகிறது. டார்ம்ஸ்டாட் பேராசிரியர் வால்டெமர் பீட்டர்சன் நியூட்ரலுக்கும் பூமிக்கும் இடையே வைத்த சுருள், 1917-இல் பிளைடல்ஸ்ஹைம் நிலையத்தில், அதாவது போர்ட்டெஸ்க்யூ வாசிப்பதற்கு முந்திய ஆண்டிலேயே, வேலை செய்யத் தொடங்கியது. சுருள் கெபாசிட்டிவ் மின்னோட்டத்தை ஈடுசெய்துவிட, பழுதடைந்த பீடரைக் காட்டிக்கொடுக்க எஞ்சுவது, அதில் சில சதவீதமே ஆன வாட் கூறு. பழுதற்ற பீடரில் ஓடும் மின்னோட்டம் எச்ச மின்னழுத்தத்துக்குத் தொண்ணூறு பாகை முந்தி நிற்பதால், வாட்மீட்டர்த் தத்துவத்து ரிலே அங்கே அசைவதில்லை. ஆனால் சி.டி.யில் ஒரு பாகைக் கோணப்பிழை நேர்ந்தாலும் கெபாசிட்டிவ் மின்னோட்டத்தில் ஏறக்குறைய 1.7 சதவீதம் பொய்யான வாட் கூறாகத் தோன்றிவிடும், மூன்று சி.டி.க்களைக் கூட்டுவதை விட்டு, கேபிள் முழுவதையும் சூழும் ஒரே வளைய சி.டி.யை நாடியதற்கு இதுவே காரணம். இவ்வகை ரிலேயின் பிறப்பை ஓராண்டோடு கட்டிவைக்க நான் துணியேன். ஆனால் அதை வேண்டி நின்றது அந்த வலையமைப்பின் சங்கடமே அன்றி, வரிசைகளின் கணிதம் அன்று.

தத்துவத்துக்குரிய பெருமை வேறிடத்தில் உள்ளது. அருகருகே ஓடும் இரு லைன்களில் ஒன்றன் பூஜ்ய வரிசை மின்னோட்டம் மற்றொன்றில் மின்னழுத்தத்தைத் தூண்ட, அங்கே திசையைப் பிழையாகக் கொள்ளும் ரிலேயின் மயக்கத்தைச் சமச்சீர்க் கூறுகளின்றி விளக்கியிருக்க முடியாது. அம்மயக்கத்துக்குப் பரிகாரமாக எதிர்வரிசையைக் கொண்டு திசை காணும் ரிலேயோ, ஐயமின்றி அத்தத்துவத்தின் சொந்தப் படைப்பு.