டாக்சிசைக்ளின்

டாக்சிசைக்ளின் என்பது டெட்ராசைக்ளின் வகையைச் சேர்ந்த, மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே வழங்க வேண்டிய நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து. பாக்டீரியாவின் 30எஸ் ரைபோசோம் கூறில் பிணைந்து புரத உற்பத்தியைத் தடுக்கிறது; கிருமியை நேரடியாகக் கொல்வதைவிட அதன் பெருக்கத்தையே நிறுத்துகிறது. அமெரிக்காவில் 1967-இல் ஒப்புதல் பெற்றது. உண்ணிக் காய்ச்சல், எலிக்காய்ச்சல், காலரா, கிளமிடியா தொற்று, முகப்பரு ஆகியவற்றுக்குப் பயன்படுகிறது. மலேரியாத் தடுப்புக்கும் தரப்படுகிறது. சளி, ஃப்ளூ போன்ற வைரஸ் நோய்களில் பயனில்லை.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 100 மி.கி., நாளுக்கு இருவேளை. அதிகம் கவனிக்கப்படாத பக்கவிளைவு உணவுக்குழாய்ப் புண். ஒரு மிடறு நீருடன் விழுங்கி உடனே படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக் கரைந்து சுவரை அரிக்கும். விழுங்கும்போது நெஞ்சில் கடும் வலி தோன்றும். எனவே ஒரு டம்ளர் நிறைய நீருடன் விழுங்கி, அரை மணி நேரமாவது நிமிர்ந்திருக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் அமில முறிவு மருந்துகளும் இது உடலில் சேர்வதைக் குறைப்பதால் சில மணி நேர இடைவெளி தேவை.

குமட்டல், வயிற்றுப்போக்கு, வெயில் பட்ட தோல் எளிதில் கன்றிப்போதல் ஆகியவை பரவலானவை. கடும் தலைவலியுடன் பார்வை மங்கினால் மண்டையோட்டு உள்ளழுத்தம் உயர்ந்திருக்கலாம். மருந்தை நிறுத்தி உடனே மருத்துவரை அணுக வேண்டும். முகப்பரு மருந்தான ஐசோட்ரெட்டினோயினுடன் சேர்த்து உண்பது இந்த ஆபத்தைக் கூட்டும்.

பற்களில் நிறமாற்றம் ஏற்படும் என்பதால் கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்கு உட்பட்டோருக்கும் பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. ஆனால் உண்ணிக் காய்ச்சல் போன்ற ரிக்கெட்சியத் தொற்றுகளில் குழந்தைகளுக்கும் இதுவே முதல் தெரிவு. குறுகிய காலச் சிகிச்சையில் பற்கள் பாதிக்கப்படுவதாகச் சான்றில்லை.