மெர்போக் சோளக்கொல்லையில் சேறும் சாம்பலும்

கெடாவின் மெர்போக் பக்கம், லயத்து வீட்டுக்குப் பின்னால் நாலு வரிசை சோளம் போட்டவர்களுக்குச் சாம்பல் புதிதில்லை. ரப்பர் கட்டை எரிந்த அடுப்புச் சாம்பலை டின்னில் போட்டு மூடி வைப்பார்கள். மழையில் நனைந்தால் அதிலுள்ள பொட்டாஷ் கரைந்து ஓடிவிடும். கழிவுநீர்ச் சேறு வேறு கதை. செப்டிக் டேங்கை உறிஞ்சிய லாரி கேட்டைத் தாண்டியதும் அதை மறந்துவிடுகிறோம். 1994 முதல் மலேசியாவின் பெரும்பகுதியில் அந்தத் தலைவலி இண்டா வாட்டர் என்ற கழிவுநீர் நிறுவனத்துடையது.

சோளத்துக்கு இரண்டில் எது நல்லது? சேற்றில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு, சாம்பல்சத்தான பொட்டாஷ் மட்டும் சொற்பம். அது தண்ணீரில் கரைவது என்பதால், சுத்திகரித்த நீரோடு வெளியேறிவிடுகிறது. சாம்பலில் இதற்கு நேர்மாறு: தழைச்சத்து புகையோடு போய்விட, பொட்டாஷும் சுண்ணாம்பும் தங்குகின்றன.

பொருத்தமான ஜோடிதான், ஆனால் சேற்றின் கணக்கு கொஞ்சம் கசக்கும். ஒரு ஹெக்டேர் சோளத்துக்கு 120 கிலோ தழைச்சத்து என்று வைப்போம். காய்ந்த சேற்றில் 3 சதவீதம் இருந்தால் டன்னுக்கு 30 கிலோ. முதல் ஆண்டில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் பயிருக்குக் கிடைக்கும் என்றால் 12 டன் வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் சேற்றில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர் என்றால், சுமக்க வேண்டியது 60 டன். யூரியாவில் அதே வேலை ஐந்தாறு மூட்டையில் முடியும். ஆனாலும் ஜெராய் மலையடிவாரத்தின் மணல் கலந்த மண்ணில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் மக்கு யூரியாவில் கிடையாது.

இங்கே முதலில் பார்க்க வேண்டியது மண்ணின் புளிப்பு. இந்தப் பக்கத்து மேட்டு மண்ணின் பிஎச் பெரும்பாலும் 4க்கும் 5க்கும் நடுவில். சோளம் 5.5க்கு மேல் கேட்கும். புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்நுனியைத் தாக்கும். செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் கட்டைகட்டையாக, தடித்து, கிளை விடாமல் நிற்கும். மெர்போக் ஆற்றுச் சதுப்புநிலத்தை ஒட்டிய மண் இன்னும் மோசம். அடியில் கிடக்கும் பைரைட், வடிகால் வெட்டிக் காற்றுப்பட்டதும் கந்தக அமிலமாகிவிடும். அங்கே எந்த உரம் போட்டாலும் வீண். புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு வேண்டும், இல்லையென்றால் சாம்பல்.

சாம்பலிலும் சாதி உண்டு. செம்பனை ஆலைக் கொதிகலனில் நாரும் ஓடும் எரிந்து வருவதில் மணல்சத்தான சிலிக்காதான் மிகுதி. பழம் உதிர்த்த வெறுங்குலையை எரித்த சாம்பல் அப்படியில்லை. பொட்டாஷ் 30 சதவீதத்தைத் தாண்டும், பிஎச் 12ஐத் தொடும், காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், வெறுங்கையால் அள்ளினால் தோல் எரியும். சோளக்கன்றின் தண்டில் பட்டால் கருகிவிடும், ஒரு சாண் தள்ளித்தான் தூவ வேண்டும்.

சேற்றில் பயப்பட வேண்டியது நாற்றத்துக்கு அல்ல. நாற்றம் வெயிலில் போய்விடும், காட்மியமும் ஈயமும் போகாது. புளித்த மண்ணில் காட்மியம் இன்னும் எளிதாகக் கரைந்து வேரில் ஏறும். சாம்பல் போடாமல் சேறு மட்டும் போடுவது இந்த மண்ணில் இரட்டை ஆபத்து. வெறும் வீடுகளிலிருந்து வரும் சேறும் தொழிற்பேட்டைக் குழாய் கலந்த சேறும் ஒன்றல்ல. ஐரோப்பா 1986இலேயே உலோகங்களுக்கு உச்சவரம்பு வைத்தது. சுவிட்சர்லாந்து 2006இல் வயலுக்குச் சேறே வேண்டாம் என்றது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம், ஒட்டாத பூச்சுகளில் வரும் அழியாத இரசாயனங்களுக்குப் பயந்து 2022இல் தடைசெய்தது. என்னைக் கேட்டால், எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாத சேறு சோளக்கொல்லைக்கு ஆகாது.

சோதித்து அனுமதித்த சேறு கிடைத்தாலும் இரண்டையும் ஒரே குவியலில் கிளறக் கூடாது. சாம்பலின் காரம் ஏறியதும் சேற்றின் தழைச்சத்து அமோனியாவாகிப் பறந்துவிடும், கண் எரியும் அந்த வாடையே நஷ்டக் கணக்கு. விதைப்புக்கு முன்பே சாம்பலை மண்ணில் கொத்திவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்துச் சேற்றைத் தனியாகப் போட்டு மூடலாம்.

அறுவடைக்குப் பிறகு தட்டை இருக்கிறது. உலோகம் வேரிலும் இலையிலும் தங்கும் அளவுக்கு மணியில் சேர்வதில்லை. கதிரைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டுத் தட்டையை மாட்டுக்குப் போடுகிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். தட்டையை அடுப்பில் வைத்தாலும் உலோகம் சாம்பலில் தங்கும், அந்தச் சாம்பலை மறுபடி டின்னில் சேர்க்கக் கூடாது.