கோட்டையும் செட்டியார் தெருவும்

வன்னியில் நெல் விளைகிறது. அதை விளைவிக்கும் பணத்தின் வழி கொழும்பிலே அமைந்தது. அவ்வழியின் வரலாற்றை நம் இளைஞர் அறிந்திருத்தல் நன்று.

கொழும்புக் கோட்டையின் ஒல்லாந்தர் காலத்து மதில்கள் 1869ஆம் ஆண்டளவில் இடிக்கப்படலாயின. அங்கே இன்றும் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் 1857இல் எழுந்தது. 1867 முதல் 1952 வரை அதுவே கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. அதைச் சூழ்ந்த வீதிகளில் ஆங்கில வங்கிகள் அமைந்தன. அவை கோப்பித் தோட்டத் துரைமாருக்கும் ஏற்றுமதிக் கம்பனிகளுக்குமே கதவு திறந்தன. நாட்டவர்க்கு அங்கே கடன் கிடைப்பது அரிது.

அக்குறையைத் தீர்த்தவர் நாட்டுக்கோட்டைச் செட்டியார். புறக்கோட்டைச் செட்டியார் தெருவில் கிட்டங்கிகள் அமைத்து, ஆங்கில வங்கிகளிற் கடன் பெற்று, உயர்ந்த வட்டிக்கு நாட்டு வணிகருக்குக் கொடுத்தனர். கணக்குப் பேரேட்டில் முருகன் பெயரை முதலில் எழுதினர். வருவாயில் மகமை எடுத்துக் கோயிலுக்கு ஈந்தனர். அத்தெருவின் பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும், ஆடிவேல் விழாவும், அவ்வணிகத்தின் மறுபக்கமாகும்.

எனினும் நம்பிக்கை குலைந்தால் கற்கட்டடமும் காக்காது. கோப்பிச் செடியை இலைநோய் அழித்தபின், ஓரியன்டல் வங்கி 1884இல் முறிந்தது. அதன் நோட்டுகளைக் கையில் வைத்திருந்தோர் கலங்கினர். அரசாங்கமே அந்நோட்டுகளுக்குப் பொறுப்பேற்று, பின்னர் தன் நோட்டுகளை வெளியிடலாயிற்று. 1925இல் செட்டியார் கடைகள் சில தளர, வங்கிகள் அவர்களுக்குக் கடனைச் சுருக்கின. பின்வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் கடன்பட்டோர் காணிகளை இழந்தனர். செட்டியார்மீது மனக்கசப்பும் வளர்ந்தது. உள்ளூராருக்குக் கடன் வசதி போதாமையை 1934இல் வங்கி ஆணைக்குழு எடுத்துக்காட்டியது. அதன் பயனாக 1939 ஆகஸ்ட் முதலாந் திகதி இலங்கை வங்கி பிறந்தது. 1950 ஆகஸ்ட் 28இல் மத்திய வங்கி தொடங்கிற்று.

கோட்டையிலிருந்த மத்திய வங்கிக் கட்டடம் 1996 ஜனவரி 31இல் குண்டுத் தாக்குதலுக்கு இலக்காகி, பல உயிர்கள் பலியாயின. கட்டடம் சிதைந்தும் வங்கியின் பணி நின்றுவிடவில்லை.

ஆனால் ஏழை உழவனை இவை எதுவும் முதலில் நினைக்கவில்லை. கூட்டுறவு இயக்கத்தைத் துணையாகக் கொண்டு, கிராமத்தவர்க்கும் கடன் வழங்கும் நோக்கோடு மக்கள் வங்கி 1961இலேதான் உருவாயிற்று. அதுவரை காலபோக விதைப்புக்குக் கடன் தேடிய எளியவன் கடைக்காரன் வாசலிலேயே நின்றான். விளைந்தபின் நெல்லின் விலையைச் சொன்னவனும் பெரும்பாலும் அக்கடைக்காரனே!

இளைஞர்களே! கோட்டைக்குச் செல்லும்போது மாடங்களை மட்டும் பார்த்து வராதீர்கள். யாருக்கு அங்கே கடன் கிடைத்தது, யார் வெளியே நின்றனர் என்று கேளுங்கள். ஊருக்குத் திரும்பியபின் நமது கூட்டுறவுச் சங்கத்தின் பேரேட்டையும் அதே கண்ணோடு பாருங்கள். கூட்டத்துக்குச் சென்று கணக்குக் கேளுங்கள். வாங்கிய கடனைத் தவணையில் கட்டுங்கள். பெரிய வங்கியை நிமிர்த்துவதும் சாய்ப்பதும் நம்பிக்கையே என்றால், நம் ஊர்ச் சிறிய சங்கத்துக்கு மட்டும் வேறு அடித்தளம் ஏது?