செருப்பு மறுக்கப்பட்ட கால்

கடலாடிப் பக்கம் பட்டாளத்துக்குப் போவது வெறும் உத்தியோகம் இல்லை. கண்மாய் பெருகாத வருசம் கரிமூட்டம், பெருகின வருசம் கூலிக்குக் கதிரறுப்பு என்று கிடக்கிற சேரிக்கு அது ஒரு வாசல். பச்சை உடுப்போடு லீவில் வருகிறவனை "என்னடா" என்று கூப்பிட ஊர்க்காரன் கொஞ்சம் யோசிப்பான். அந்தக் 'கொஞ்சம்'தான் எங்களுக்கு முக்கியம்.

எங்கள் தெருப் பையன் ஒருத்தன் ரெண்டு வருசம் விடியக்காலையில் தார்ரோட்டில் ஓடிப் பழகினான். ஆள்சேர்ப்பு முகாமில் ஓட்டத்தில் தேறினான். மார்பளவில் தேறினான். மருத்துவச் சோதனையில் 'தட்டைப்பாதம்' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். "அண்ணே, இத்தன நாளும் இந்தக் காலோடதான ஓடுனேன்?" என்றான். அவனுக்குப் பதில் சொல்லத்தான் எங்கள் கால்களின் வரலாற்றைத் தேடிப் போனேன்.

1930 டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஹட்டன் 'இந்தியாவில் சாதி' என்ற தன் நூலில் அவற்றைப் பட்டியலிட்டிருக்கிறார். வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. பெண்கள் மாரை மறைக்கக் கூடாது. பொன் வெள்ளி நகை கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, ஆடுமாடுகள் சூறையாடப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பதும் சேர்ந்தது.

இப்படி ஊரில் செருப்பு மறுக்கப்பட்ட மக்கள்தான் ஒரு காலத்தில் பூட்ஸ் போட்டு வெள்ளைக்காரன் படையில் நடந்தார்கள். பழைய மதராஸ் படையில் பறையர்கள் பெருந்தொகையாக இருந்தார்கள். மராட்டியத்தில் மகர்கள் இருந்தார்கள். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சுபேதார். 1885 முதல் 1893 வரை இந்தியப் படைத் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், 'போர்க்குடிகள்' என்று சில சாதிகளையும் வட்டாரங்களையும் தூக்கிப் பிடித்தார். தெற்கத்தியான் சண்டைக்கு ஆகமாட்டான் என்றார். 1890களில் மகர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. மதராஸ் படையும் சுருங்கியது. அதற்கு எந்த டாக்டரும் எவன் காலையும் தூக்கிப் பார்க்கவில்லை. பிறந்த குடியே தகுதியில்லை என்ற சான்றிதழாக இருந்தது. உலகப்போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் 1941இல் மகர் ரெஜிமெண்ட் எழுந்தது. அதே கால், அதே மார்பு. மாறியது வெள்ளைக்காரனின் தேவை மட்டும்தான்.

அந்தப் போர்க்காலத்தில் திறந்த வாசல் வழியாக முதுகுளத்தூர் பக்கத்துச் செல்லூரிலிருந்து போனவர் இம்மானுவேல் சேகரன். 1945இல் இராணுவத்தில் சேர்ந்தார். 1950களின் தொடக்கத்தில் வேலையை விட்டுவந்து, தீண்டாமைக்கு எதிராக மக்களைத் திரட்டினார். 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூர் அமைதிக் கூட்டத்தில் மற்றவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டாளம் பார்த்துவந்த தலித்தைக் கண்டு ஆதிக்க சாதி எதற்குப் பயந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இனி அந்தப் பையனின் காலுக்கு வருவோம். பிறக்கும்போது எல்லாருக்கும் பாதம் தட்டைதான். வளர வளர உள்வளைவு எழும். சிலருக்கு நிற்கும்போது வளைவு அமுங்கும், நுனிக்காலில் எழும்பினால் திரும்ப வரும். இது வளைந்து கொடுக்கிற பாதம். எப்படி நின்றாலும் வளைவு வராமல் இறுகிப்போனதும் வலிப்பதும் வேறு வகை. கனடா இராணுவத்தில் 3,600க்கு மேற்பட்ட சிப்பாய்களின் கால்களைச் சோதித்த ஹாரிஸும் பீத்தும் 1947இல், வளைந்து கொடுக்கிற தட்டைப்பாதம் ஊனமில்லை என்று எழுதினார்கள். நம் நாட்டு அதிகாரித் தேர்வு அறிவிப்புகளும் அதையே சொல்கின்றன: நுனிக்காலில் நின்றால் வளைவு தெரிந்து, நுனிக்காலில் ஓடவும் குதிக்கவும் முடிந்து, வலி இல்லாவிட்டால் ஏற்கலாம். இந்த விவரம் எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதில்லை.

1992இல் ராவ், ஜோசப் என்ற மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் பாதச் சுவட்டை ஆராய்ந்தார்கள். செருப்பு, பூட்ஸ் போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் தட்டைப்பாதம். வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். இதைக் காட்டி, செருப்புத் தடையால் உங்களுக்கு நல்லதுதானே நடந்தது என்று எவனாவது நாக்கூசாமல் சொல்லக்கூடும். வெறுங்காலில் நடப்பது வேறு, நடக்கவைப்பது வேறு. கருவேல முள் ஏறியது யார் காலில்?

அந்தப் பையனை என் வீட்டுத் திண்ணையில் நுனிக்காலில் நிற்கச் சொன்னேன். வளைவு எழுந்தது. வலிக்குதா என்றேன். "இல்லண்ணே" என்றான். முகாமில் கழிக்கப்பட்டவன் இராணுவ மருத்துவமனையில் மறுபரிசோதனை கேட்கலாம். ஆனால் அதற்குக் கொடுக்கிற நாட்கள் குறைவு. அவனுக்கு அது முடிந்து போயிருந்தது.

பட்டாளம்தான் விடுதலை என்று நான் சொல்லவில்லை. வாசல் எங்கே இருக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓடப் பழக்குகிற அண்ணன்மார், ஓட்டத்தோடு விதியையும் சொல்லிக் கொடுங்கள். அடுத்த முகாமுக்குப் போகிறவனை முதலில் நுனிக்காலில் நிறுத்திப் பாருங்கள்.