டிஷ் ஆன்டெனாவுக்கு சிக்னல் மீட்டர்: எதை வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது?

பலத்த காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் பல வீடுகளில் டிவி திரை வெறுமையாக இருக்கும். பெரும்பாலும் டிஷ் ஓரிரண்டு டிகிரி நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். மாதச் சந்தா கட்ட வேண்டாம் என்றுதான் பலர் டிடி ஃப்ரீ டிஷ் வாங்குகிறார்கள். டிஷ் நகரும்போதெல்லாம் மெக்கானிக்கை அழைத்தால் அந்தச் சேமிப்பு அங்கேயே கரைந்துவிடும். எனவே ஒரு மீட்டர் வாங்கி நாமே திருப்பிக்கொள்ளலாம் என்று தோன்றுவது இயல்பு. தேவைக்கு மேல் விலை கொடுத்தால் அது வீண்விரயம். பயன்படாத மீட்டரை மலிவாக வாங்கினாலும் அதுவும் விரயமே.

மீட்டர் எதை அளக்கிறது?

டிஷ்ஷின் முன்னால் இருக்கும் எல்என்பி, செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைக்கு மாற்றி கேபிளில் அனுப்புகிறது. மீட்டர் அந்தக் கேபிளில் வருவதைத்தான் அளக்கிறது. வாங்கும் மீட்டரில் இந்த எண்கள் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

முள் மீட்டர்

சில நூறு ரூபாயில் கிடைப்பது இது. ஒரு முள், ஒரு திருகு, 'பீப்' ஒலி, இரண்டு கேபிள் முனைகள். பேட்டரி தேவையில்லை. செட்டாப் பாக்ஸ் எல்என்பிக்கு அனுப்பும் 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்திலேயே இயங்கும்.

இதன் குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. சிக்னல் இருக்கிறது என்று சொல்லுமே தவிர, எந்தச் செயற்கைக்கோள் என்று சொல்லாது. டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 கிழக்கு 93.5 டிகிரியில் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் 91.5 டிகிரியிலும் மறுபக்கம் 95 டிகிரியிலும் வேறு செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் முள் ஒரே மாதிரிதான் துள்ளும். முள் உச்சத்தில் நின்றும் படம் வராமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டிஜிட்டல் மீட்டர்

இதன் விலை சில ஆயிரம் ரூபாய். சொந்த பேட்டரியும் திரையும் உண்டு. அலைவரிசை எண்ணையும் சிம்பல் ரேட்டையும் கொடுத்தால், அந்தச் சேனல் தொகுப்பு கிடைத்த பிறகே 'லாக்' என்று காட்டும். தவறான செயற்கைக்கோளில் ஏமாற வாய்ப்பு குறைவு. வாங்கும்போது டிவிபி-எஸ்2 வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய டிவிபி-எஸ் மட்டும் உள்ளவை மலிவாகக் கிடைக்கும். ஆனால் புதிய முறையில் வரும் சேனல்களை அவை பிடிக்காது. பழைய மீட்டர் என்றால் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது, வெயிலில் திரை தெரிகிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

மொபைல் செயலிகள்

இவை திசையையும் கோணத்தையும் காட்டும், அது பயனுள்ளதுதான். ஆனால் டிஷ்ஷில் வரும் சிக்னலை மொபைலால் அளக்க முடியாது. 'சிக்னல் மீட்டர்' என்று பெயர் வைத்துப் பணம் கேட்கும் செயலிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

திசை: கிப்லா தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

ஜிசாட்-15 நமக்குத் தென்கிழக்கில் இருக்கிறது. கிப்லாவுக்கு நேர் எதிர்ப்பக்கம் திரும்பி நின்று, சற்றே வலப்புறம் திரும்பினால் அந்தத் திசை வந்துவிடும். காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 5 டிகிரி, மதுரையில் 10, சென்னையில் 26 டிகிரி வலப்புறம் திரும்ப வேண்டும். திசைகாட்டியில் பார்த்தால் முறையே 118, 122, 134 டிகிரி. இரும்புக் கம்பி அருகில் திசைகாட்டி தவறாகக் காட்டும். தள்ளி நின்று பாருங்கள்.

உயரக் கோணம் தமிழகத்தில் 68, 69 டிகிரி அளவில் இருக்கும். வீட்டு டிஷ் பார்வைக்கு அதைவிடக் குறைவாகச் சாய்ந்தது போலத் தெரியும்; அதன் அமைப்பே அப்படி. பின்புறம் குறித்திருக்கும் அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். தாங்கும் குழாய் செங்குத்தாக நிற்பது அவசியம்.

திருப்பும் முறை

1. பாக்ஸை அணைத்துவிட்டு, எல்என்பிக்கும் பாக்ஸுக்கும் இடையில் முள் மீட்டரை இணையுங்கள். பிறகு பாக்ஸை இயக்குங்கள்.
2. முள் பாதியில் நிற்கும்படி திருகைக் குறையுங்கள். முள் உச்சத்தில் முட்டி நின்றால் ஏற்றத்தாழ்வு தெரியாது.
3. டிஷ்ஷை மிக மெதுவாக, விரல் அகலத்துக்கும் குறைவாக நகர்த்தி நிறுத்திப் பாருங்கள்.
4. முள் ஏறியதும் ஒருவர் கீழே பாக்ஸின் சிக்னல் பக்கத்தைப் பார்க்க வேண்டும். 'ஸ்ட்ரெங்த்' மட்டும் ஏறி 'குவாலிட்டி' ஏறாவிட்டால் அது வேறு செயற்கைக்கோள். அல்லது எல்என்பியைச் சற்றுச் சுழற்ற வேண்டியிருக்கும்.
5. குவாலிட்டி அதிகமாக இருக்கும் இடத்தில் போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் டிஷ் மறுபடி நகரும்.
6. மீட்டரைக் கழற்றிவிட்டு கேபிளை நேரடியாக இணையுங்கள். மீட்டரை அங்கேயே விட்டால் சிக்னல் குறையும், மழைநீரும் இறங்கும்.

உயிர் முக்கியம்

மின்கம்பி அருகில் செல்லும் மாடியில் அலுமினிய ஏணியோ நீளக் குழாயோ தூக்காதீர்கள். மழையிலும் இடியிலும் இருட்டிலும் ஏறாதீர்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியானால் தெரிந்தவரை அழைப்பதே சிக்கனம். சிறுவர்களை மேலே அனுப்ப வேண்டாம்.

எதை வாங்கலாம்?

ஒரே டிஷ், ஒரே செயற்கைக்கோள் என்றால் முள் மீட்டரும் பாக்ஸின் குவாலிட்டி அளவும் போதும். இரண்டு மூன்று செயற்கைக்கோள் பார்ப்பவர்களுக்கும், இதைத் தொழிலாகச் செய்ய நினைக்கும் இளைஞர்களுக்கும் டிஜிட்டல் மீட்டர் பொருந்தும்.

இன்னொரு வழியும் உண்டு. ஒரு வீட்டில் மீட்டர் வருடத்துக்கு ஓரிரு முறைதான் வெளியே வரும். தெருவுக்கு ஒன்று வாங்கி, கேட்பவருக்குக் கொடுத்து வாங்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கான சிறு பொருள்களைக் கூடக் கொடுக்க மறுப்பவர்களைக் கண்டிக்கும் 'அல்மாஊன்' அத்தியாயத்தைத் தொழுகையில் அடிக்கடி ஓதுகிறோம். ஒரு சிறு மீட்டரும் அதில் அடங்கும், இன்ஷா அல்லாஹ்.