நாயைச் சொல்லாத நாய் லைசென்ஸ்: பிரிட்டிஷ் அநுபவம் பற்றிய ஒரு மறுபரிசீலனை

வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் லைசென்ஸ் பெறவேண்டும் என்னும் ஏற்பாடு எந்த ஊரிலும் நிலைத்து நிற்காது என்று வாதிப்போர், அதற்குக் கடைசி நிரூபணமாகப் பிரிட்டனையே காட்டுவது வழக்கமாகிவிட்டது. 37 பென்ஸ் என்ற அற்பத் தொகையைக் கட்டுவதற்குக்கூட நாயுடையோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் முன்வரவில்லை. வசூலான பணத்தைவிட வசூலிக்க ஆன செலவு மிஞ்சிப்போயிற்று. ஆகவே 1987-இல் அரசாங்கம் அதைக் கைவிடத் துணிந்தது, 1988-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் அதற்கு ஈமக்கடன் கழித்தது. இந்தச் சம்பவங்களை வரிசையாக வைத்து, ஜனங்கள் ஒத்துழைக்க மாட்டார்கள், ஜனங்கள் ஒத்துழைக்காத பதிவினால் பயன் ஏதுமில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். சம்பவங்களை நான் மறுக்கவில்லை. அவற்றிலிருந்து இந்த முடிவு பிறக்காது என்பதும், பிரிட்டனில் அன்று மாண்டது நாய்ப் பதிவு அன்று, நாயின் பெயரால் வாங்கப்பட்ட ஒரு வரியின் ரசீதே என்பதும் இக்கட்டுரையின் கட்சி.

இக்கட்சிக்கு முதல் ஆதாரம் அந்த லைசென்ஸ் தாளே. விவாதத்தில் ஈடுபட்டவர்கள் சட்டத்தின் ஷரத்துகளையும் வரவு செலவுக் கணக்குகளையும் எடுத்துக்காட்டிய அளவுக்கு இத்தாளை விரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பழம்பொருள் சேகரிப்போரிடம் இன்றும் சாதாரணமாகக் கிடைக்கும் ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ் தாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உடையவரின் முழுப் பெயர் ஒரு கோட்டில், அவர் வசிக்கும் விலாசம் அடுத்த கோட்டில், அவர் கிரேட் பிரிட்டனில் ஒரு நாய் வைத்துக்கொள்ள அதிகாரம் பெறுகிறார் என்ற அச்சு வாசகம், வருகிற டிசம்பர் 31 வரையில் செல்லும் என்ற வரம்பு, செலுத்திய தொகை, வழங்கிய ஆபீஸின் பெயரும் தேதியும். அவ்வளவுதான். நாயின் பெயர் இல்லை, நிறம் இல்லை, ஜாதி இல்லை, ஆணா பெண்ணா என்பதும் இல்லை. எண்ணிக்கை ஒன்றைத் தவிர நாயைப் பற்றி அத்தாள் எதையும் அறியாது.

இதை அச்சிட்டவரின் அசிரத்தையால் நேர்ந்த குறை என்று ஒதுக்கிவிட இயலாது. 1796-இல் பிரதமர் பிட்டின் அரசாங்கம் நாய்மீது முதன்முதலாக வரி விதித்ததிலிருந்து அது மதிப்பீட்டு வரிகளுள் ஒன்றாகவே இருந்துவந்தது. 1867-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த மதிப்பீட்டு வரியை நீக்கி, அதன் இடத்தில் ஒரு கலால் தீர்வையை நிறுவிற்று. கலால் அதிகாரிக்கு வேண்டியவை, யார் கொடுத்தார், எத்தனை நாய்க்குக் கொடுத்தார் என்ற இரண்டே. எந்த நாய் என்பது அவருடைய உத்தியோகத்துக்குப் புறம்பான விஷயம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி, மந்தை காக்கும் நாய், பார்வையற்றவரை வழிநடத்தும் நாய் ஆகியவற்றுக்கு விலக்கு அளித்து, 1959-இல் சட்டங்கள் ஒருங்கே தொகுக்கப்பட்டபோதும் இந்த இயல்பு மாறவில்லை.

தாளின் இந்த மௌனம் தெருவில் என்ன விளைவித்தது என்பதையும் பார்த்துவிட வேண்டும். லீட்ஸ் நகரத்துத் தெருவில் திரியும் நாய் ஒன்றை ஒரு கான்ஸ்டபிள் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1906-ஆம் ஆண்டு நாய்கள் சட்டப்படி, கழுத்துப் பட்டையில் விலாசம் இருந்தால் அவ்விலாசத்துக்கு நோட்டீஸ் அனுப்பவேண்டும். ஏழு நாள் வைத்திருந்து, கேட்பார் இல்லையேல் விற்கலாம், அல்லது கொன்றுவிடலாம். அந்த ஏழு நாளும் லைசென்ஸ் எங்கே இருக்கிறது? உடையவர் வீட்டு மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அதைக் கொண்டு நாயை இன்னதென்று அறியவும் முடியாது. நாயைக் கொண்டு அதைத் தேடி எடுக்கவும் முடியாது. பட்டையில் பெயரும் விலாசமும் பொறிக்கவேண்டும் என்ற 1930-ஆம் ஆண்டு ஆணைகூட லைசென்ஸோடு யாதொரு சம்பந்தமும் இன்றித் தனியே நின்றது. நம் ஊர்களில் முன்பு சைக்கிளுக்கு வரி கட்டினால் வண்டியில் மாட்டிக்கொள்ள ஒரு வில்லை கொடுப்பார்கள்; அந்த வில்லை செய்த வேலையைக்கூட இந்தத் தாள் செய்ததில்லை. ஒழுங்காக ஆண்டுதோறும் கட்டியவருடைய நாயும் ஒருநாளும் கட்டாதவருடைய நாயும் காணாமற்போனால், இரண்டுக்கும் நேர்வது ஒன்றே. அப்படியிருக்க, கட்டாதவரை ஒத்துழையாதவர் என்று குற்றம் சாட்டுவதற்கு முன், எந்தக் காரியத்தில் அவர் ஒத்துழைத்திருக்க வேண்டும் என்று சொல்லவேண்டிய கடமை குற்றம் சாட்டுவோருக்கு உண்டு.

1888-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் இதன் வருமானத்தைக் கவுண்டி மன்றங்களுக்கு ஒதுக்கியது, 1908-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வசூல் அதிகாரத்தையும் அவற்றுக்கு மாற்ற வழிசெய்தது. ஆகவே இது உள்ளூர் லைசென்ஸ்தானே என்று சிலர் கேட்பர். பெயரளவில் ஆம். ஆனால் வாங்கியவர் கவுண்டி மன்றத்தார், திரியும் நாயைப் பிடித்துச் சோறிட்டவர் போலீஸார், ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து தாள் எழுதிக் கொடுத்த தபாலாபீஸ் குமாஸ்தாவோ அந்த இருவர் காரியத்திலும் சம்பந்தமில்லாதவர். கொடுத்த பணம் தன் நாய்க்கோ தன் தெருவுக்கோ திரும்பி வருவதை உடையவர் பிரத்தியட்சமாகக் காண வழியே இல்லை.

விலையைப் பற்றிய வாதம் இதைவிடக் கவனத்துக்கு உரியது. 1853 முதல் நாய் ஒன்றுக்குப் பன்னிரண்டு ஷில்லிங்காக இருந்த வரி 1867-இல் ஐந்து ஷில்லிங்காகக் குறைந்ததும் கணக்கில் ஏறிய நாய்களின் தொகை பெரிதும் பெருகிற்று. இதைக் கொண்டு, கட்டணம் குறைந்தால் ஜனங்கள் முன்வருவர், ஏறினால் பின்வாங்குவர் என்று ஒரு நியதி கூறப்படுகிறது. கட்டணம் குறைந்த அதே ஆண்டில் வசூல் முறையும் மாறியதால், பெருக்கத்துக்கு எது காரணம் என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. நானும் சொல்லத் துணியவில்லை. ஆனால் அதற்குப் பின் நடந்தது அந்த நியதியைக் கவிழ்த்துவிடுகிறது. 1878-இல் ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸாக உயர்ந்த கட்டணம், விவசாயக் கூலியாள் ஒருவனுடைய வார வருமானத்தில் பாதியளவு இருந்தது. அதே தொகை நூறு ஆண்டுக்கு மேல் அசையாமல் நின்று, தசம நாணயம் வந்தபோது முப்பத்தேழரை பென்ஸாகி, 1984-இல் அரைப் பென்னிக் காசு செல்லாமற்போனதும் அந்த அரையும் உதிர்ந்து, ஒரு மிட்டாய் வாங்கும் விலையாக இளைத்துவிட்டது. நியதி மெய்யானால், லைசென்ஸ் இவ்வளவு மலிந்த காலத்தில் அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் அது இருந்திருக்க வேண்டும். பாதிப்பேர் வாங்கவில்லை என்பதோ எதிர்க்கட்சியாரே எடுத்துக் கூறும் கணக்கு.

அந்தப் ‘பாதி’யும் நிச்சயமான கணக்கன்று. வழங்கிய லைசென்ஸ்களை எண்ணிவிடலாம். நாட்டில் உள்ள நாய்களை எண்ணியவர் யாருமில்லை, எல்லாம் உத்தேசமே. ஆயினும் அதை மறுப்பது என் வாதத்துக்கு அவசியமில்லாததால் ஒப்புக்கொண்டே மேலே செல்கிறேன்.

பிரிட்டனில் வெறிநாய்க்கடி நோய் ஒழிந்தது பதிவினால் அன்று, 1897-இல் விவசாய வாரியத் தலைவர் வால்டர் லாங் கொண்டுவந்த வாய்ப்பூட்டு ஆணையாலும், வெளிநாட்டு நாய்களைத் தனித்து அடைத்துவைக்கும் விதியாலுமே என்று ஓர் ஆட்சேபம் உண்டு. மெய்தான்; 1902-இல் அந்நோய் அங்கே அற்றுப்போனதற்கு லைசென்ஸ் ஒரு துரும்பும் அசைக்கவில்லை. நாயை அறியாத தாள் நோயை மட்டும் எப்படி அறியும்? தவிர, நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவுக்கு இயன்றதை மற்ற நாடுகளுக்கு விதியாகக் கூறுவது பொருந்தாது.

இனி, இந்த ஆராய்ச்சியில் போதிய கவனம் பெறாத ஒரு சான்றுக்கு வருகிறேன். கிரேட் பிரிட்டனின் சட்டத்துக்கு இரண்டாண்டு முன்னதாக, 1865-இல், அதே பாராளுமன்றம் அயர்லாந்துக்கென்று தனியே நாய்ச் சட்டம் ஒன்று இயற்றிற்று. நாய் ஒன்றுக்கு இரண்டு ஷில்லிங், மேற்கொண்டு எழுத்துச் செலவு ஆறு பென்ஸ். அங்கே லைசென்ஸ் வழங்கியது அந்தந்த வட்டாரத்துச் சிறுவழக்கு மன்றத்தின் குமாஸ்தா. அவர் ஒரு பதிவேடும் வைத்திருந்தார். 1866 முதல் எழுதப்பட்ட அப்பதிவேடுகளில் பெரும்பகுதி இன்றும் இருக்கிறது. தம் பாட்டன் எந்தக் கிராமத்தில் வாழ்ந்தான் என்று தேடும் ஐரிஷ் வம்சத்தார் அவற்றைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பக்கத்தைத் திறந்தால், உடையவரின் பெயர், ஊர் ஆகிய பத்திகளோடு, நாயின் நிறத்துக்கும், இனத்துக்கும், பாலுக்கும் தனித்தனிப் பத்திகள் இருப்பதைக் காண்கிறோம். இன்ன ஊரில் இன்னார் வீட்டில் கறுப்பும் வெள்ளையுமான பெட்டை நாய் ஒன்று இருந்தது என்று ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் சொல்ல முடிகிறது. ஆட்டு மந்தையில் புகுந்து கடித்த நாயின் அடையாளத்தைக் குடியானவன் வந்து சொன்னால், குமாஸ்தா ஏட்டைத் திறந்து பார்க்கலாம். அவர் எத்தனை முறை திறந்து பார்த்தார் என்பதற்கு ஏடு சாட்சி சொல்லாது என்பது உண்மையே. திறந்து பார்த்தால் பயன்படத்தக்க ஏடு ஒன்று இருந்தது என்பதே எனக்கு வேண்டியது. ஆகவே, நாயைக் குறிப்பிடும் உள்ளூர்ப் பதிவு அக்காலத்து நிர்வாகத்துக்கு எட்டாத யோசனை அன்று. ஐரிஷ் கடலுக்கு ஒரு கரையில் அதைச் செய்தார்கள், மறு கரையில் செய்யாமல் விட்டார்கள்.

இந்த வேற்றுமையின் பிற்காலப் பலனை வட அயர்லாந்தில் காணலாம். லண்டன் அரசாங்கம் கிரேட் பிரிட்டனில் லைசென்ஸை ஒழித்த அதே காலத்தில், வட அயர்லாந்தில் 1983-ஆம் ஆண்டு ஆணைப்படி மாவட்ட மன்றங்களே அதை வழங்கி, நாய்க் கண்காணிப்பாளரை வைத்து, கட்டணத்தையும் ஐந்து பவுனாக வாங்கிக்கொண்டிருந்தன. 2011-இல் அது பன்னிரண்டரை பவுனாக உயர்ந்தது; கருத்தடை செய்த நாய்க்கு மட்டும் ஐந்து பவுனாகவே நின்றது; அறுபத்தைந்து வயது கடந்தவருடைய முதல் நாய்க்கு இலவசம். 2012 முதல் தோலுக்கடியில் மைக்ரோசிப் பொருத்திய நாய்க்கே லைசென்ஸ் என்றாயிற்று. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் பழைய 37 பென்ஸைப்போல் பன்மடங்கான கட்டணம் இது. அங்கே ஒருவர்கூடப் பாக்கியில்லாமல் கட்டுகிறார்கள் என்று யாரும் சொல்லமாட்டார். ஆனால் ஏற்பாடு குலைந்துபோகவும் இல்லை. அங்குள்ளவர்கள் இயல்பாகவே சட்டத்துக்கு அடங்கியவர்கள் என்று இதற்கு விளக்கம் கூறுவதுண்டு. வட அயர்லாந்தின் இருபதாம் நூற்றாண்டுச் சரித்திரத்தை அறிந்தவர்கள் அவ்விளக்கத்தைப் புன்னகையோடு கேட்டுக்கொள்வார்கள்.

கனடாவில் கால்கரி நகரத்தின் உதாரணத்தை இங்கே எதிர்பார்ப்பவர்கள் இருப்பார்கள். 2006-ஆம் ஆண்டு விதிகளின்கீழ், லைசென்ஸ் உள்ள நாய் முதன்முறை வழிதவறினால் காப்பகத்துக்குக் கொண்டுபோகாமல் நேரே வீட்டில் சேர்ப்பதும், கருத்தடை செய்த நாய்க்குக் கட்டணம் குறைப்பதும், அந்தக் கட்டண வருமானத்தைக் கொண்டே பிராணி நிர்வாகத்தை நடத்துவதும் அந்நகரத்தின் கீர்த்திக்குக் காரணங்கள். பத்தில் ஒன்பது நாய்க்கு அங்கே லைசென்ஸ் உண்டு என்ற கணக்கை மட்டும் நான் ஆதாரமாகக் கொள்ளவில்லை. பிரிட்டனின் ‘பாதி’யைச் சந்தேகித்த அதே காரணத்தால் கால்கரியின் ஒன்பதையும் சந்தேகிப்பதே நியாயம். எனினும் நாயை வீட்டு வாசலில் கொண்டுவந்து விடும் வண்டி உத்தேசக் கணக்கன்று. அண்டை வீட்டார் அதைக் கண்ணால் பார்க்கிறார்கள். மறு ஆண்டு லைசென்ஸுக்கு அதைக்காட்டிலும் சிறந்த விளம்பரம் எந்த நகரசபையாலும் அச்சிட முடியாது. அபராதத்தின் பயமே அங்கே வேலை செய்கிறது என்று கூறுவோருக்கு ஒரு வார்த்தை: பிரிட்டனிலும் அபராதம் சட்டத்தில் எழுதியே இருந்தது.

பிரிட்டனின் கதை 1988-இல் முடிந்துவிடவில்லை என்பதை எதிர்க்கட்சியார் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். 1990-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், திரியும் நாய்களைக் கவனிக்க ஒவ்வொரு உள்ளாட்சி மன்றமும் அதிகாரி ஒருவரை நியமித்தே ஆகவேண்டும் என்று விதித்தது. அதாவது வருமானத்தை எடுத்துவிட்டு இரண்டே ஆண்டில் வேலையைக் கொடுத்தார்கள். அதே ஆண்டில் நாய்ப் பதிவை மீண்டும் கொண்டுவரும் யோசனை காமன்ஸ் சபையில் மிகச் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. 2016 ஏப்ரலில் இங்கிலாந்தில் எல்லா நாய்க்கும் மைக்ரோசிப் கட்டாயமாயிற்று. நாய் இன்னதென்று சொல்லும் ஏற்பாடு கடைசியில் வந்தது, ஆனால் ஊர் மன்றத்தின் ஏட்டில் அன்றி, பல தனியார் தரவுத்தளங்களில் சிதறி வந்தது. ஒருகால் பயனற்றதென்று நிரூபணமாகிவிட்ட ஒன்றை ஒரு தேசம் இத்தனை முறை வெவ்வேறு வழியில் தேடிப் போகுமா என்பதை அவர்கள் யோசிக்கவேண்டும்.

நம் நகராட்சிகள் இச்சரித்திரத்திலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்றிரண்டு உண்டு. சென்னை மாநகராட்சி 50 ரூபாய்க் கட்டணத்தில் இணையவழி வழங்கத் தொடங்கிய வளர்ப்பு நாய் லைசென்ஸுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று வேண்டும். இந்த ஒரு நிபந்தனையினாலேயே அது, நூற்றிருபது ஆண்டு வழங்கிய பிரிட்டிஷ் தாளைவிட மேலான சாசனம். தெருநாய்க்கு யார் லைசென்ஸ் வாங்குவது என்ற கேள்வி இங்கே உடனே எழும். உடையவர் உள்ள நாய் எது என்று முதலில் தெரிந்தால் அன்றோ உடையவர் அற்ற நாய் எது என்று சொல்லமுடியும் என்பதற்குமேல் அதற்கு விடை வேண்டியதில்லை. நாயுடையோரைக் கூட்டிவைத்து உபதேசம் செய்வதைக் காட்டிலும், தடுப்பூசி போடும் மருத்துவரிடமே லைசென்ஸும் கிடைக்கும்படி செய்தல், பட்டையில் மாட்ட ஓர் எண் வில்லை கொடுத்தல், வழிதவறிய நாயை முதன்முறை அபராதமின்றி வீட்டில் சேர்த்தல், வசூலான தொகை எந்தச் செலவுக்குப் போயிற்று என்று வார்டுதோறும் ஆண்டுக்கொரு முறை எழுதி ஒட்டுதல் ஆகிய நான்கையும் செய்து பார்க்கும்படி நகராட்சிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அபராதத் தொகையை உயர்த்துவது பற்றிய ஆலோசனையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.